மக்ரினா நடத்திய இரண்டு பரீட்சைகள்

என் தங்கை மக்ரினா எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் பதினாறு வருஷம் ஆசிரியையாக இருந்தாள். அவள் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் ஊரில் ஒரு பரீட்சை நன்றாக நடந்தால், "மக்ரினா டீச்சர் நடத்தின மாதிரி இருந்துச்சு" என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் நினைவில் இருப்பது அவள் நடத்திய இரண்டாவது பரீட்சை. முதலாவதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. நான் இரண்டுக்கும் போயிருந்தேன். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

நான் கம்பளம் நெய்கிறவள். சின்ன வயதில் எங்கள் கிறிஸ்தவக் கோவில் சாமியாரிடம் இரண்டு குளிர்காலம் எழுத்துப் படித்தேன். நாங்கள் வீட்டில் பேசும் துருக்கி மொழியைக் கிரேக்க எழுத்தில் எழுத வரும். கிரேக்கம் வராது. துருக்கிப் பாதுஷாவின் ஆட்சியில் இருக்கும் எங்கள் ஊரில் கிறிஸ்தவர் வீடு இருநூற்றுப் பத்து. ஒரு வீட்டிலும் கிரேக்கம் பேசத் தெரிந்தவர் கிடையாது. கோவில் வழிபாடு முழுவதும் கிரேக்கத்தில்தான் நடக்கும். எந்த இடத்தில் சிலுவை போட வேண்டும், எந்த இடத்தில் தலை குனிய வேண்டும் என்று தெரியும். அதற்கு மேல் தெரிய வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியதும் இல்லை.

அம்மா இறந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது, மக்ரினாவுக்கு நான்கு. அவளை நான்தான் வளர்த்தேன். தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் போடும் முடிச்சுகளை எண்ணுவாள். ஒரு நாள், "அக்கா, இந்த வரிசையில ஒண்ணு குறையுது" என்றாள். எண்ணிப் பார்த்தேன். குறைந்திருந்தது. அப்போது அவளுக்கு ஆறு வயது.

எங்கள் ஊர் ஆண்களில் பெரும்பாலோர் இஸ்தான்புல்லில்தான் இருந்தார்கள். மளிகை, உப்பு மீன், எண்ணெய் என்று கடை வைத்திருப்பார்கள். இல்லாதவர்கள் அந்தக் கடைகளில் வேலை செய்வார்கள். அங்கே அவர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. ஊர்ப் பள்ளியை நடத்துவது அந்தச் சங்கம். 1884ஆம் வருஷம், ஊருக்கு ஒரு பெண்கள் பள்ளி வேண்டும், அதற்கு ஊர்ப் பெண் ஒருத்தியையே படிக்க வைத்து அனுப்ப வேண்டும் என்று சங்கம் முடிவெடுத்தது. சாமியார் நியோஃபித்தோஸ் மக்ரினாவின் பெயரைச் சொன்னார். மெர்சின் துறைமுகம்வரை ஒன்பது நாள் கோவேறு கழுதை, பிறகு இஸ்தான்புல்லுக்குக் கப்பல். போகும்போது அவளுக்குப் பதின்மூன்று வயது. அழவில்லை. தலையை இரட்டைப் பின்னலாகப் போட்டுவிட்டேன்.

ஆறு வருஷம் கழித்து வந்தாள். ஒற்றைப் பின்னல், கறுப்புப் பாவாடை, ஒரு பெட்டி நிறையப் புத்தகம். புவியியல் புத்தகத்தில் வரைபடம் இருந்த பக்கங்களை, அரசாங்கத்துக்கு ஆகாது என்று சுங்கத்தில் கிழித்து எடுத்துவிட்டிருந்தார்கள். அவளுடைய படிப்புச் சான்றிதழ் மாவட்டக் கல்வி அதிகாரியிடம் போய் முத்திரையோடு திரும்பி வர நான்கு மாதம் ஆனது. அது வந்த மறுநாள் கோவிலுக்குப் பின்னால் உள்ள அறையில் பள்ளியைத் திறந்தாள். ஒன்பது பெஞ்சு, முப்பத்தி நான்கு பெண்கள். என் மகள் எவந்தியா அவர்களில் ஒருத்தி.

அவள் பாடம் நடத்திய விதத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் ஆண்கள் பள்ளியில் முதல் நாளே பையன் கையில் புத்தகத்தைக் கொடுப்பார்கள். கடைசி நாள் அதை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு வெளியே வருவான். மக்ரினா ஒரு வருஷம் புத்தகத்தையே தொடவில்லை. கூடையில் ரொட்டி, வெங்காயம், செருப்பு, சாவி, ஒரு கைப்பிடி கம்பளி என்று எடுத்துப் போவாள். ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டுவாள். பெண்கள் அதைக் கிரேக்கத்தில் சொல்ல வேண்டும். பிறகு ரொட்டி சூடாக இருக்கிறது, வெங்காயம் அழுகிவிட்டது, சாவியைக் காணோம் என்று. இரண்டாவது வருஷம் அவர்களே ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். நான் தறியை விட்டு எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்று பார்ப்பேன். முப்பத்தி நான்கு பேரும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எதற்கு என்று எனக்குத் தெரியாது.

ஊர்ப் பெண்களுக்கு அது பிடிக்கவில்லை.

"ஆறு வருஷம் படிச்சிட்டு வந்து வெங்காயத்தைக் காட்டுறாளே உன் தங்கச்சி. வெங்காயம் எங்க வீட்டுல இல்லையா?" என்று எதிர்வீட்டுக்காரி கேட்டாள்.

"உன் வீட்டு வெங்காயத்துக்குக் கிரேக்கம் தெரியுமாடி?" என்றேன்.

ஆனாலும் எனக்குள் பயம் இருந்தது. பரீட்சை வருகிறதே என்ற பயம்.

எங்கள் ஊரில் பரீட்சை என்பது பிள்ளைகளுக்கு மட்டும் நடப்பது அல்ல. ஜூன் கடைசியில் வரும் இரண்டு அப்போஸ்தலர் திருநாள் முடிந்த ஞாயிற்றுக்கிழமை, கோவில் முற்றத்தில் ஊரே கூடும். முன்னால் சாமியார், பள்ளிக் குழு, மாவட்டத்திலிருந்து வரும் கல்வி அதிகாரி. பின்னால் ஆண்கள், அதற்குப் பின்னால் பெண்கள். ஆசிரியர் கிரேக்கத்தில் கேட்பார், பிள்ளை கிரேக்கத்தில் சொல்லும். கேட்டுக்கொண்டிருப்பவர்களில் ஒருவருக்கும் ஒரு சொல்லும் புரியாது. ஆனால் யார் நன்றாகப் படித்தார்கள் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்தோம். தண்ணீர் மாதிரி நிற்காமல் ஓட வேண்டும். மூச்சு வாங்க நின்றால் பரவாயில்லை. யோசிக்க நின்றால் போச்சு. "முழிக்குது" என்பார்கள்.

பள்ளி திறந்த முதல் வருஷம், ஆறு மாதப் பாடம்தானே என்று பெண்களைப் பரீட்சைக்கு அழைக்கவில்லை. 1892இல் அழைத்தார்கள். அந்த வருஷம் சங்கத்தின் சார்பாக இஸ்தான்புல்லிலிருந்து ஹாஜி ப்ரொட்ரொமோஸ் வருவதாகச் செய்தி வந்தது. ஜெருசலேம் யாத்திரை போய் வந்த கிறிஸ்தவர்களையும் நாங்கள் ஹாஜி என்போம்; அவர் உப்பு மீன் வியாபாரி. என் கணவர் அனெஸ்டிஸ் அவர் கடையில்தான் வேலை பார்த்தார். பெண்கள் பள்ளி தேவையா இல்லையா என்று அவர் பார்த்துச் சொல்வார், அதன்படி தொடரலாம் அல்லது அறையைப் பூட்டலாம் என்று கடிதத்தில் இருந்தது. சாமியார் அதைக் கோவிலில் எல்லோருக்கும் படித்துக் காட்டினார்.

ஆண்கள் பள்ளி ஆசிரியர் எவ்கேனியோஸ் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் தீவுக்காரர்; கிரேக்கம் அவருடைய சொந்த மொழி. திருமணமாகாதவர், வயிற்று வலிக்காரர்.

"டீச்சரம்மா, இருபது கேள்வி, இருபது பதில். யாரு எதைச் சொல்லணும்னு இப்பவே பிரிச்சுக் குடுத்துடுங்க. நான் பதினெட்டு வருஷமா அப்படித்தான் பொழைக்கிறேன்."

"பிள்ளைங்களுக்குப் புரியுதா சார்?"

"புரிஞ்சு? யாருகிட்டப் பேசப் போறானுங்க? நம்ம ரெண்டு பேரைத் தவிர இந்த ஊருல கிரேக்கம் பேச ஆளு இல்ல. நான் பேசுறதே என் பூனைகிட்டதான்."

மக்ரினா சிரித்தாள். ஆனால் அவர் சொன்னதைச் செய்யவில்லை.

பரீட்சை அன்று நான் விடியற்காலையே எவந்தியாவுக்குத் தலை பின்னி, என் கல்யாணத் துணியில் வெட்டித் தைத்த சட்டையைப் போட்டுவிட்டேன். முதலில் பையன்கள். எவ்கேனியோஸ் கேட்கக் கேட்கக் கொட்டினார்கள். ஒரு பையனிடம் நோவாவைப் பற்றிக் கேட்டாராம். அவன் பதற்றத்தில் எறும்பின் உழைப்பைப் பற்றிய பாடத்தை ஆரம்பித்துக் கடைசிவரை ஒப்பித்துவிட்டான். மக்ரினா பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது நானும் மற்றவர்களோடு, "அடேயப்பா, என்னமா ஓடுது" என்றுதான் சொன்னேன். ஹாஜி ப்ரொட்ரொமோஸ் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். எவ்கேனியோஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள். மக்ரினா முன்னால் வந்து, எல்லோருக்கும் கேட்கும்படி துருக்கியில் சொன்னாள்:

"ஹாஜி ஐயா, நான் கேள்வி எழுதி வரல. நீங்களே கேளுங்க. துருக்கியில கேளுங்க. பிள்ளைங்க கிரேக்கத்தில பதில் சொல்லும். அப்புறம் எல்லாருக்கும் புரியற மாதிரி துருக்கியிலயும் சொல்லும்."

முற்றத்தில் சலசலப்பு. ஹாஜி சாமியாரைப் பார்த்தார். "நானா? நான் எதைம்மா கேக்கிறது?"

"உங்க மனசுல வர்றதை."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு வரிசையைப் பார்த்தார். நடுவில் நின்றது எவந்தியா. அவருடைய கடை ஆளின் மகள் என்று அவருக்குத் தெரியாது. சின்னப் பிள்ளையிடம் பெரியவர்கள் வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்.

"உங்கப்பா என்ன வேலை பாக்குறாரு பாப்பா?"

எவந்தியா யோசித்தாள். நான் பத்து முடிச்சுப் போடும் நேரம் இருக்கும். பக்கத்தில் இருந்தவள் என் தொடையைக் கிள்ளினாள். எவந்தியா மெதுவாக ஆரம்பித்தாள். நடுவில் நின்றாள், ஒரு சொல்லைத் திரும்ப வேறு மாதிரி சொன்னாள், மறுபடி போனாள். "முழிக்குது, முழிக்குது" என்று முன்னால் ஆண்கள் பேசிக்கொண்டார்கள். அவள் முடித்துவிட்டு, நிமிர்ந்து, துருக்கியில் சொன்னாள்:

"எங்கப்பா இஸ்தான்புல்ல உங்க கடையில உப்பு மீன் விக்கிறாரு. நான் பொறக்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரு. அவரு மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது."

எங்கேயோ ஒருத்தி, "அடி பாவி!" என்றாள். அந்த முற்றத்தில் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் கணவன் முகத்தைப் பார்த்து ஐந்து வருஷத்துக்கு மேல் ஆனவர்கள். அதை யாரும் வெளியே சொல்வதில்லை. ஹாஜியின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது.

அப்போது கல்வி அதிகாரி, தலையில் சிவப்புத் தொப்பி வைத்த முஸ்லிம், வயதானவர், நாற்காலியில் முன்னால் சாய்ந்து சொன்னார்: "காலையிலேருந்து இப்பத்தான் ஒரு பிள்ளை பேசினதைக் கேட்டேன். நல்லா இருக்கட்டும்."

அந்த நல்ல வார்த்தை போதும், எங்களை முடித்துவிட. பாதுஷா நீடூழி வாழ்க என்று மூன்று முறை கோஷம் போட்டுக் கூட்டம் கலைவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அரசாங்கத்து ஆளுக்குப் பிடித்திருக்கிறது என்றால் எங்கேயோ இடிக்கிறது. துருக்கியில் சொல்ல வைத்ததே அவனுக்காகத்தான். கிரேக்கம் சொல்லிக் கொடு என்று அனுப்பினால் வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுவரச் சொல்லிக் கொடுக்கிறாள். நான் வீட்டுக்கு வந்ததும் எவந்தியாவை அறைந்தேன். அவள், "அவர்தானேம்மா கேட்டாரு" என்றாள்.

மறுநாள் மக்ரினாவைச் சாமியார் வீட்டுக்கு அழைத்தார்கள். துணைக்கு நான் போனேன். குழுவில் நான்கு பேர், நடுவில் ஹாஜி.

"உக்காரும்மா," என்றார் ஹாஜி. கோபமாக இல்லை, களைப்பாக இருந்தார். "உன்னைப் படிக்க அனுப்பணும்னு சங்கத்துல முதல்ல கை தூக்கினவன் நான். தெரியுமா?"

"தெரியும் ஹாஜி ஐயா."

"அப்புறம் என்னம்மா இது? பையனுங்க சொன்னது எனக்குப் புரியல. ஆனா கேக்கும்போது உடம்பு சிலிர்த்துச்சு. நம்ம பாஷை அதுன்னு தோணுச்சு. உன் பொண்ணுங்க திக்குது. திக்கித் திக்கி என்ன சொல்லுச்சு? உப்பு மீனு. சுவிசேஷத்தோட பாஷைம்மா அது. அதுல போய் மீனைப் பத்தியா பேசுறது?"

"சுவிசேஷத்திலயும் மீன் இருக்கு ஹாஜி ஐயா. நிறைய இருக்கு."

சாமியாருக்கு இருமல் வந்தது. தாடிக்குள் சிரித்தாரோ என்னவோ. அவருக்கும் படிக்க வருமே தவிர அர்த்தம் பாதிதான் தெரியும் என்று மக்ரினா என்னிடம் ஒரு முறை சொல்லியிருக்கிறாள்.

"வாய் பேசுறா பாரு," என்றார் குழுவில் ஒருவர்.

ஹாஜி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "இங்க பாரு மகளே. நான் திரும்பிப் போனா அங்க நூறு பேரு கேப்பானுங்க, பொண்ணுங்க எப்படிச் சொல்லுச்சுன்னு. யோசிச்சுச் சொல்லுச்சுன்னு சொன்னா சிரிப்பானுங்க. யோசிக்கிறதுக்கா பள்ளிக்கூடம்? எனக்கு ஒரு பரீட்சை வேணும். சொல்லிக்கிற மாதிரி. மரியன்னை திருநாள் வரைக்கும் இங்கதான் இருப்பேன். அன்னைக்கு நடத்து. இல்லன்னா நான் பூட்டச் சொல்லிட்டுத்தான் போகணும். எனக்கும் அது வருத்தம்தான்."

அவர் பொய் சொல்லவில்லை. வருத்தம் அவர் முகத்தில் இருந்தது.

ஜூலை மாதம். ஆப்ரிகாட் பழத்தைப் பிளந்து மாடியில் காயப் போட்டுக்கொண்டிருந்தோம். நான்தான் பேச்சை எடுத்தேன். இதை நான் மறைக்கப் போவதில்லை.

"ஒரே ஒரு தடவை, மக்ரினா. அவங்க கேக்கிறதைக் குடுத்துடு. அவரு ஊருக்குப் போனதும் உன் வழியில நடத்து. யாரு பாக்கப் போறா?"

"ஒரு தடவையோட நிக்காது அக்கா."

"நிறுத்துறது உன் கையிலதானே இருக்கு?"

"இந்தப் பிள்ளைங்களை ஒரு தடவை ஒப்பிக்க வச்சு, ஊரு கைதட்டிடுச்சுன்னா, அப்புறம் யோசிக்கிறது தப்புன்னு அதுங்களுக்கே தெரிஞ்சுபோயிடும். அதை நான் எப்படித் திருப்பி எடுப்பேன்?"

"அப்போ முப்பத்தி நாலு பேரும் தறிக்குத் திரும்பட்டும்ங்கிறியா? என் பொண்ணும் என் பக்கத்துல வந்து உக்காரட்டுமா? எனக்கு முதுகு வளைஞ்சது போதாதா?"

அவள் கையில் இருந்த பழத்தின் கொட்டையை எடுத்தாள், பழத்தை வெயிலுக்குத் திருப்பி வைத்தாள். கடைசித் தட்டு முடியும்வரை அதையே செய்தாள். மறுநாள் காலை ஒரு புதுக் குறிப்பேட்டை எடுத்து எழுத உட்கார்ந்தாள்.

நாற்பத்தி இரண்டு கேள்வி, நாற்பத்தி இரண்டு பதில். கோவிலில் கேட்கும் உயர்ந்த நடையில், நீள நீளமாக எழுதினாள். ஐந்து வாரம். காலையும் மாலையும் அந்த அறையிலிருந்து ஒரே குரலாகச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கூடை எங்கள் வீட்டு மூலையில் கிடந்தது. நான் அதில் கம்பளி போட்டு வைத்தேன்.

ஆகஸ்ட் பதினைந்து, மரியன்னை திருநாள். முற்றத்தில் நிற்க இடமில்லை. கல்வி அதிகாரியை இந்த முறை அழைக்கவில்லை. மக்ரினா குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள். பெண்கள் சொன்னார்கள். முதல் பெண் வாயைத் திறந்ததுமே எனக்குப் புல்லரித்தது. ஒருத்தி முடிக்கும் இடத்தில் அடுத்தவள் பிடித்தாள். ஒரு தடங்கல் இல்லை, ஒரு திக்கல் இல்லை. எவந்தியாவுக்கு ஏழாவது கேள்வி. கையைக் கட்டிக்கொண்டு, கோவில் கூரையைப் பார்த்தபடி, ஐந்து நிமிஷம் சொன்னாள். எதிர்வீட்டுக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஹாஜி எழுந்து நின்று அழுதார். "இதுதாம்மா! இதுதாம்மா!" என்றார். நானும் அழுதேன். என் தங்கை, என் மகள் என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம் சொன்னேன். உண்மையைச் சொல்வதென்றால், என் வாழ்க்கையில் அதைவிடப் பெருமையாக நான் இருந்த நாள் இல்லை. இதை எழுதும்போதும் அந்தப் பெருமை போகவில்லை. போக வேண்டும் என்று தெரிகிறது.

வீட்டுக்கு வந்து எவந்தியாவிடம் கேட்டேன். "என்னடி சொன்னே அவ்வளவு நேரம்?"

"தெரியலம்மா."

"தெரியலையா?"

"சித்தி அர்த்தம் சொல்லல. நேரமில்லைன்னாங்க."

பள்ளி பிழைத்தது. ஹாஜி போய்ச் சொன்னதைக் கேட்டு இஸ்தான்புல் சங்கம் இன்னும் ஆறு பெஞ்சு செய்ய ஏற்பாடு செய்தது. மக்ரினா செப்டம்பரில் மறுபடி கூடையைத் தேடினாள். கம்பளியைக் கொட்டிவிட்டுக் கொடுத்தேன். இரண்டு வாரம் எடுத்துப் போனாள். மூன்றாவது வாரம் தாய்மார்கள் ஐந்து பேர் வாசலில் வந்து நின்றார்கள்.

"டீச்சரம்மா, என் பொண்ணுக்குப் போன தடவை மூணாவது கேள்வி. இந்த வருஷம் பெரிய கேள்வியா குடுங்க. இப்பவே ஆரம்பிச்சாத்தானே ஆகும்?"

"பரீட்சைக்கு இன்னும் ஒன்பது மாசம் இருக்கு."

"இருந்தா என்ன? பையனுங்க இப்பவே ஆரம்பிச்சிட்டானுங்க."

பெண்களும் மாறிவிட்டார்கள். வெங்காயத்தைக் காட்டினால், இது பரீட்சையில் வருமா என்று கேட்டார்கள். தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பேசாமல் இருந்தார்கள். முதலில் கடைசி இரண்டு மாதம் மட்டும் ஒப்பிப்பது என்று வைத்துக்கொண்டாள். அடுத்த வருஷம் ஈஸ்டரிலிருந்து என்று ஆனது. அதற்கடுத்த வருஷம் கிறிஸ்துமஸிலிருந்து. நான்காவது வருஷம் கூடையை அவளே திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள்.

விலக வேண்டும் என்று இரண்டு முறை எழுதிக் கொடுத்தாள். குழு ஏற்கவில்லை. "உங்களை விட்டா இப்படி யாரு நடத்துவா?" என்றார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து பரீட்சை பார்க்க வந்தார்கள். இரண்டு கல்யாணச் சம்பந்தம் வந்தது, வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டேன். "டீச்சர்னு சொல்லிக்கிட்டு நான் எப்படி இன்னொரு வீட்டுக்குள்ள போறது அக்கா?" என்றாள். அதன் அர்த்தம் எனக்கு விளங்கவில்லை, திரும்பக் கேட்கவும் இல்லை.

எவ்கேனியோஸ் 1897இல் இறந்தார். கடைசி நாட்களில் மக்ரினா தினமும் மாலை போய் அவர் பக்கத்தில் உட்காருவாள். இரண்டு பேரும் கிரேக்கத்தில் பேசுவார்கள். அவர் இடத்தில் அவரிடம் ஒப்பித்துப் படித்த ஊர்ப் பையன் ஒருவனை வைத்தார்கள்; அவருக்கு அப்புறம் ஊரில் அவள் கிரேக்கம் பேச ஆள் இல்லை. எவந்தியாவுக்குப் பதினாறு வயதில் கல்யாணம் செய்தேன். மாப்பிள்ளை நல்லவர். கல்யாணமான ஏழாவது மாதம் இஸ்தான்புல்லுக்குப் போனார். என் கணவர் அதற்குள் இரண்டு முறை வந்து போயிருந்தார். மகள் அவரைப் பார்த்தாள். "நினைச்ச மாதிரி இல்ல" என்றாள், அவ்வளவுதான்.

1906இல் மக்ரினாவின் நெஞ்சு கெட்டுவிட்டது. ஒரு பக்கம் படித்தால் மூச்சு இரைத்தது. குழு அவளுடைய மாணவிகளில் சிறந்தவளைத் தேர்ந்தெடுத்து அவள் இடத்தில் வைத்தது. தெக்லா, பதினெட்டு வயது. கூடைக் காலத்துக்குப் பிறகு சேர்ந்தவள். பத்து வருஷத்தில் ஒரு பரீட்சையிலும் ஒரு சொல்லைக்கூட விட்டதில்லை. பணிவான பெண், சுத்தமாக இருப்பாள். மக்ரினா தன் குறிப்பேட்டை அவளிடம் கொடுத்தாள்.

1908 ஜனவரி. வெயில் அடித்த ஒரு நாள், பள்ளியைப் பார்க்க வேண்டும் என்றாள் மக்ரினா. பனியில் ஐந்நூறு அடி நடக்க அரை மணி ஆனது. வாசலுக்கு வரும்போதே ஒப்பிக்கும் சத்தம் கேட்டது. ஐம்பத்தி ஒரு பெண்கள். எங்களைப் பார்த்ததும் தெக்லா ஓடி வந்து மக்ரினாவின் கையை முத்தமிட்டாள்.

"டீச்சர்! நாப்பத்தி ரெண்டும் இப்பவே தயார். இன்னைக்குப் பரீட்சை வச்சாலும் சொல்லிடுவாங்க!"

மக்ரினா அவளைப் பார்த்துப் புன்னகைத்தாள். பிறகு கிரேக்கத்தில் ஏதோ கேட்டாள். சின்னக் கேள்விதான், நான்கைந்து சொல் இருக்கும்.

தெக்லா சிரித்த முகத்தோடு அவள் வாயையே பார்த்தாள். மக்ரினா மறுபடி கேட்டாள், ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக. தெக்லாவின் முகம் கொஞ்சம் வாடியது. குறிப்பேட்டைத் திறந்தாள். முன்னாலிருந்து பின்னால்வரை புரட்டினாள், திரும்பப் பின்னாலிருந்து புரட்டினாள்.

"டீச்சர், அது நம்ம பாடத்துல இல்லையே," என்றாள்.

பெண்கள் ஐம்பத்தி ஒரு பேரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மக்ரினா, "ஆமாம்மா, இல்ல" என்று துருக்கியில் சொன்னாள். "நல்லா நடத்துறே. நடத்து."

வெளியே வந்து சுவர் ஓரமாக நின்று மூச்சு வாங்கினாள். உள்ளே சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

"என்ன கேட்டே அவகிட்ட?" என்றேன்.

"அடுப்புக்கு விறகு போதுமான்னு கேட்டேன்."

ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு தொடங்கி இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை, அவள் இறந்தாள். வயது முப்பத்தி ஏழு. அடக்கத்தன்று தெக்லா பெண்களை வரிசையாக நிறுத்தி, முதல் பத்துப் பாடங்களைச் சொல்ல வைத்தாள். ஊரே அழுதது. அது எதைப் பற்றியது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் பெட்டிக்குள் இருந்தாள்.

பள்ளி நடந்துகொண்டிருக்கிறது. இந்த வருஷம் அறுபது பேர் சேர்ந்திருக்கிறார்கள்; எவந்தியாவின் மகளும் அதில் ஒருத்தி. அவளுக்குப் பத்தொன்பதாவது கேள்வி கொடுத்திருக்கிறார்கள்.